முகூர்த்தத்துக்கு ஓடிய டயர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கரவெட்டியில் ஒரு கல்யாண வீட்டு வாசலில், பட்டு வேட்டியோடு ஒரு மனிதர் ரோட்டில் குந்தியிருந்து கார் டயரைத் தடவிக்கொண்டிருந்ததாக யாராவது உங்களிடம் சொன்னார்களா? சொல்லியிருந்தால் நம்புங்கள். அது நான்தான்.

என் மனைவி புஷ்பத்தின் தங்கைக்கு அன்று கல்யாணம். மூத்த மருமகன் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு பொறுப்பு – அளவெட்டிக்குப் போய் நாதஸ்வரக் குழுவை முகூர்த்தத்துக்கு முன் கூட்டி வர வேண்டும்.

இது ஒரு வேலையா என்கிறீர்களா? என் மாமியாரைத் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"தம்பி, தாலி கட்டேக்கை மேளம் இல்லாட்டி நான் சபையிலை முகம் காட்டேலாது" என்று விடியவே சொல்லிவிட்டார். புஷ்பம் சும்மா ஒரு பார்வை பார்த்தாள். அது இன்னும் மோசம்.

இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி... ஒரு காருக்குள் அடங்காது. அதனால் இரண்டு கார் பிடித்தேன். இரண்டும் நெல்லியடிச் சந்தியில் ஹயருக்கு நிற்பவை. இரண்டும் ஒரே ரகம், பழைய ஏ-40 கார். ஒன்றின் சொந்தக்காரர் செல்லத்துரை அண்ணை. மற்றது மரியதாசுடையது – குருநகரில் பிறந்து, கரவெட்டியில் கல்யாணம் செய்து, இங்கேயே தங்கிவிட்ட மனிதர்.

இவர்கள் இருவருக்கும் இடையில் கொஞ்ச நாளாக ஒரு யுத்தம். எதற்காக? டயருக்காக!

வெளிநாட்டுச் சாமான்கள் வராத இந்தக் காலத்தில் டயர் என்றால் சும்மாவா? மரியதாஸ் கியூவில் நின்று உள்ளூர் டயர் நாலு வாங்கிப் போட்டிருந்தார். செல்லத்துரை அண்ணையின் பின் சில்லுகள் இரண்டிலும் இருந்ததோ ஜேர்மனி டயர். கப்பலில் வேலை செய்யும் அவருடைய மருமகன் கொண்டுவந்து கொடுத்தது. தடித்த கறுப்பு ரப்பர், ஆழமான வெட்டுகள்... பார்த்தால் மரியாதை வரும்.

அளவெட்டியில் தவில்களை ஏற்றும்போதே பேச்சுத் தொடங்கிவிட்டது.

"பல்லைப் பாரும் தம்பி. முதலை மாதிரி. உவன்ரை ரயருக்குப் பல்லே இல்லை" என்றார் செல்லத்துரை அண்ணை.

"ரோட்டிலை ஓடுற ரயருக்கு என்னத்துக்கு அண்ணை பல்லு? அது என்ன இறைச்சியே தின்னப்போகுது?" என்றார் மரியதாஸ்.

அண்ணை குனிந்து டயரின் பக்கத்தைச் சால்வையால் துடைத்துக் காட்டினார். எம் என்று ஓர் எழுத்து, பக்கத்தில் எஸ்.

"மோட்டர் ஸ்பெஷல். உது எல்லாருக்கும் குடுக்கமாட்டினம். தம்பி, நீர் பேப்பரிலை எழுதுற ஆள். இண்டைக்கு நீரே பாத்துத் தீர்ப்புச் சொல்லும், ஆரின்ரை ரயர் திறமெண்டு."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இப்படி ஒரு பதவி எனக்கு யார் தந்தார்கள் இதுவரை? பாதி வழி அண்ணையின் காரில், மீதி வழி மரியதாசின் காரில் என்று அந்த இடத்திலேயே திட்டம் போட்டேன்.

மரியதாஸ் ஒரு தவிலைக் கூரைக் கரியரில் வைத்துக் கட்டினார். அண்ணை தன் டிக்கியில் தவிலுக்கு இடம் போதாததால் ஸ்பெயர் வீலைத் தூக்கி வித்துவான் வீட்டு விறாந்தையில் வைத்தார்.

"அண்ணை, அது வேண்டாமோ?"

"புது ரயருக்கு ஸ்பெயர் வீல் எதுக்கு? பின்னேரம் வரேக்கை எடுப்பம்."

புறப்பட்டோம். சித்திரை வெயில் அப்போதே தார் ரோட்டைக் காய்ச்சத் தொடங்கியிருந்தது. சுன்னாகம் தாண்டும் வரை ஒன்றுமில்லை. அதன்பிறகு பின்னாலிருந்து ஓர் இரைச்சல். வண்டுக் கூட்டம் ஒன்று காருக்குள் புகுந்தது போல.

முன் சீட்டில் நாதஸ்வர வித்துவான். வாத்தியத்தை மடியில் வைத்தபடி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"தம்பி, இதென்ன, சுருதி ஏறிக்கொண்டே போகுது?"

"நல்ல ரயர் பாடும் ஐயா" என்றார் செல்லத்துரை அண்ணை.

அச்சுவேலியில் சோடா குடிக்க நிறுத்தினோம். மற்றவர்கள் கடைக்குள் போக, நான் பரீட்சையில் இறங்கினேன். மரியதாசின் டயரைத் தொட்டேன். இளஞ்சூடு. அண்ணையின் டயரைத் தொட்டேன்... கையை இழுத்துக்கொண்டேன். தோசைக் கல்! ரப்பர் களி போல இளகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பதிந்தது. முதலைப் பல்லின் இடுக்குகள் முழுக்க தாரும் குறுணிக் கல்லும்.

"அண்ணை, நல்லாச் சுடுது."

"புதுச் சப்பாத்துக் காலைக் கடிக்கிறேல்லையே? அப்பிடித்தான்."

நான் திட்டப்படி மரியதாசின் காருக்கு மாறினேன்.

வல்லை வெளியை உங்களில் பலர் கடந்திருப்பீர்கள். இரு பக்கமும் வெட்டவெளி. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. எங்களுக்குப் பின்னால் அண்ணையின் கார் வந்துகொண்டிருந்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே...

டமார்.

அண்ணையின் கார் இடமும் வலமுமாக ஆடியது. ரோட்டின் கரை வரை போனது. கடைசி நேரத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து, மணலுக்குள் முன் சில்லைப் புதைத்துக் காரை நிறுத்தினார் மனிதர்.

ஓடினோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வித்துவான் நாதஸ்வரத்தைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார். பின் டயர், பாம்பு செட்டை கழற்றியது போல மேல் தோல் முழுவதும் உரிந்து தொங்கியது.

"என்ரை ஸ்பெயர் வீலைப் போடுவம் அண்ணை. உங்கடைக்கும் பொருந்தும்" என்றார் மரியதாஸ்.

செல்லத்துரை அண்ணையின் முகம் வியர்த்திருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். "வேண்டாம். உன்ரை ரயரைப் போட்டுக்கொண்டு நான் நெல்லியடிக்கை போகமாட்டன். நீ ஆக்களை ஏத்து. நேரம் போகுது."

நடு வெளியில், உச்சி வெயிலில் இப்படி ஒரு ரோஷம். வாதாட நேரமில்லை. குழுவினர் ஆறு பேர், நான், மரியதாஸ் – எட்டுப் பேரும் ஒரு காருக்குள் அடைந்தோம். இரண்டாவது தவிலும் கரியருக்கு ஏறியது. கார் பின்பக்கம் பதிந்து, மட்கார்ட் டயரை முட்டும் போல இருந்தது. என் குடையை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.

இனி நடந்ததைத்தான் நான் போட்டி என்பேன். ஒரு பக்கம் முகூர்த்தம், மறுபக்கம் அந்தப் பல்லில்லாத டயர்கள். நான் தலையை வெளியே நீட்டிப் பின் சில்லையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்ன சொல்லுது ரயர்?" உள்ளேயிருந்து வித்துவான்.

"சத்தமில்லை ஐயா."

"அது போதும். சத்தம் போட நாங்கள் இருக்கிறம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பயம் போய்விட்டது. கார் பறந்தது. நெல்லியடிக்குக் கிட்ட, வேலிக்குள்ளிருந்து ஓர் ஆட்டு மந்தை ரோட்டில் இறங்கியது. மரியதாஸ் பிரேக்கை மிதித்தார். எட்டுப் பேர் பாரம், இளகின தார்... கார் வழுக்கவில்லை, திரும்பவில்லை, கோடு கீறியது போல நேராகப் போய் நின்றது. முன்னால் நின்ற கிடாய் பம்பரை முகர்ந்து பார்த்துவிட்டு நடந்தது.

கல்யாண வீட்டு ஒழுங்கைக்குள் கார் திரும்பும்போதே மாமியார் பந்தல் வாசலில் நிற்பது தெரிந்தது. உள்ளே ஐயரின் மந்திரக் குரல் வேகமாகிக்கொண்டிருந்தது. இறங்கி, உட்கார்ந்து, சுருதி சேர்க்க ஏது நேரம்? வித்துவான் ஒரு காலைக் காருக்கு வெளியே வைத்தார். அப்படியே சீவாளியை வாயில் வைத்து ஊதினார். கரியரிலிருந்து இறங்கிய தவில் தோளுக்கு ஏறுமுன்னே முழங்கியது. அந்தச் சத்தம் பந்தலுக்குள் புகுந்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கெட்டிமேளத்தோடு தாலி ஏறியது. கூட்டத்துக்குள்ளிருந்து புஷ்பம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது வேறு மாதிரியான பார்வை.

அதன்பிறகுதான் வெளியே ஓடிப் போய் டயரைத் தடவினேன். கைக்கு இதமான சூடு. கட்டிப்பிடிக்காதது ஒன்றுதான் குறை.

பந்தியில் என் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். வல்வெட்டித்துறைக்காரர், பல காலம் கப்பலில் உலகம் சுற்றியவர். வழியில் நடந்ததையும் மோட்டர் ஸ்பெஷலையும் அவருக்குச் சொன்னேன். சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

"எம் எண்டால் மட், சேறு தம்பி. எஸ் எண்டால் ஸ்னோ. வெண்பனி கொட்டுற நாட்டிலை குளிர்காலத்துக்குப் போடுற ரயர் அது. கோடை வந்தால் கழட்டி வைச்சிட்டுக் கோடை ரயர் போடுவினம்."

கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று! இங்கே ஒரு சோடிக்கே கியூவில் நிற்கிறோம். எங்களுக்கு வருஷம் முழுக்கக் கோடை என்பது ஜேர்மன்காரருக்கு எப்படித் தெரியும்?

இந்தச் செய்தியை மரியதாசுக்குச் சொல்லத் தேடினேன். ஆளைக் காணவில்லை. சாப்பிடாமலே வல்லை வெளிக்குத் திரும்பிப் போய்விட்டாராம்.

கடைசிப் பந்திக்கு இருவரும் ஒன்றாக வந்தார்கள். அண்ணையின் சட்டையெல்லாம் புழுதி. காரின் பின் சில்லில் மரியதாசின் டயர். அண்ணையை எப்படி மடக்கினீர்கள் என்று மரியதாசின் காதுக்குள் கேட்டேன்.

"ஒண்டும் கதைக்கேல்லை. ஜக்கைப் போட்டுக் காரைக் கிளப்பினன். அவர் குடை பிடிச்சார்."

செல்லத்துரை அண்ணை இலையின் முன் இருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, தீர்ப்பு?"

நான் வாயைத் திறக்குமுன் மரியதாஸ் முந்தினார். "முதல் சாப்பிடுங்கோ அண்ணை. பாயாசம் முடியப்போகுது."

ஆனால் எம், எஸ் கதையை என்னால் அடக்க முடியவில்லை. மெல்லச் சொன்னேன். அண்ணை பப்படத்தை இலையில் நொறுக்கினார்.

"அப்ப என்ரை மருமோன் பிழையா வாங்கேல்லை. நாடுதான் பிழை" என்றார். பிறகு மரியதாசின் இலையைப் பார்த்துப் பரிமாறுபவரைக் கூப்பிட்டார். "இஞ்சை, உவனுக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் விடு."

எங்களுக்கும் இதே வியாதிதானே? கப்பலில் வந்தது என்றால் கேள்வி கேட்காமல் கும்பிடுகிறோம். எந்த வெயிலுக்காகச் செய்தது என்று ஒரு வார்த்தை விசாரித்தால் என்ன?

டயருக்கு மட்டும் சொல்லவில்லை... லண்டன் மாப்பிள்ளை தேடுகிறவர்களும் கவனிக்கலாம்.