ஆடியில் வைத்த மாங்கன்றுகள்

மூன்று ஆடி, மூன்று மாங்கன்று, மூன்றும் செத்தன. மலேசியாவில், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வீட்டு முன்புறம் சிமெண்டு போடாமல் விட்டிருந்த நாலடி மண்ணில் மூன்றையும் நட்டவள் என் மருமகள். "வீட்டுக்கு வந்த மகாலட்சுமி, நீயே வைம்மா" என்று முதல் கன்றை அவள் கையில் கொடுத்தவள் நான்தான். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் கன்றுக்கும் தன் மல்லிகைத் தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றுவாள், பாவம்.

மூன்றாவதும் கருகியபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னாலேயே சொன்னேன்: "இவ கை பட்டா பிளாஸ்டிக் பூவும் வாடிடும்." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, இந்த முறை நானே நடுவதாக முடிவு செய்து, கிள்ளானில் கன்று விற்பவரிடம் போனேன். மூன்று கன்று செத்த கதையைச் சொன்னேன்.

"எந்த மாசம் வச்சீங்க ஆன்டி?"

"ஆடியிலதான். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க?"

"ஐயோ ஆன்டி, அது தமிழ்நாட்டுல பெய்யிற மழைக்குச் சொன்னது லா! இங்க ஜூலை, ஆகஸ்டுல வெயில் கொளுத்துமே. வேர் பிடிக்கிறதுக்குள்ள கருகிடும். இப்ப தீபாவளி மழையில வைங்க."

"கைராசி இல்லாதவங்க வச்சா?"

"ஆடியில யார் வச்சாலும் சாகும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது வருஷமாக இந்தக் கிள்ளானில் துணி காயப்போடுகிறேன். எந்த மாதம் வெயில், எந்த மாதம் மழை என்று எனக்குத் தெரியாதா? ஒரு பழமொழியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணை நாலு பேர் முன்னால் அறுத்துப் போட்டிருக்கிறேனே!

வீடு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். "தப்பு உன் கையில இல்லம்மா, மாசத்துலதான். நான் பேசுனது பெரிய தப்பு, மன்னிச்சிடு. வா, நீயே வை."

"பரவால்ல அத்தை" என்றாள். ஆனால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்களே வைங்க. நான் எட்டி நிக்கிறேன்."

தூறலில் கன்றோடு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஆசையாகக் கொண்டுவந்த மல்லிகைத் தொட்டிக்கு இரண்டு மாதமாக என் மகன்தான் தண்ணீர் ஊற்றுகிறான். சோம்பேறிக்குப் பொறுப்பு வந்துவிட்டதென்று பூரித்துக்கொண்டிருந்தேன், பாவி நான்.