உப்புக்குப் போட்ட நெத்தலி

மீன்பிடித் திணைக்களத்தில் வேலை செய்கிற ஒருத்தி, மீனைத் தொடமாட்டேன் என்று நேர்த்தி வைத்தால் என்ன நடக்கும்? முதலில் அலுவலகம் சிரிக்கும். பிறகு அவளைப் பிடித்து ஸ்பெயினுக்கு அனுப்பி, மீனுக்கு உப்புப் போடுவது எப்படி என்று படித்துவிட்டு வரச் சொல்லும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில் துறைமுகத்தை ஒட்டியிருந்த அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. கருவாட்டில் உப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று சோதித்து எழுதுவேன். பத்தொன்பது வயதுத் தம்பி ஒரு காலை ரியூசனுக்கென்று சைக்கிளில் புறப்பட்டவன், உப்புவெளியில் நடந்த இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டான். மூன்றாம் நாள் சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. அவன் தெற்கே ஒரு சிறையில் இருக்கிறான் என்று தெரியவே இரண்டு மாதம் ஆனது.

அம்மா கண்ட கோயிலுக்கெல்லாம் நடந்தாள். நான் ஒரே ஒரு கோயிலுக்குப் போனேன். காளி அம்மனுக்கு முன்னால் நின்று, தம்பி எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வரும்வரை மச்சம் தொடமாட்டேன் என்றேன். மீன், இறைச்சி, முட்டை எதுவும் இல்லை. நெத்தலிப் பொரியல் இல்லாவிட்டால் ஒரு நேரச் சோறும் இறங்காத வாய் என்னுடையது. அதனால்தான் அதை வைத்தேன். பாகற்காயை விடுகிறேன் என்றால் அம்மன் அலுவலகத்தை விடவும் பெரிதாகச் சிரித்திருப்பாள்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லாமல் போனது. அப்போதுதான் ஸ்பெயின் வந்தது. ஒரு மாதப் பயிற்சி, இரண்டு பேர். என்னுடன் வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு அதிகாரி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் நானா, அவருக்கு நாங்கள் எல்லோரும் தங்கச்சி. அம்மா முதலில் தயங்கினாள். பிறகு, "அந்த மனுசன் கூட வாறார் எண்டால் போ பிள்ளை. இஞ்ச இருந்து மட்டும் என்னத்தைக் கண்டாய்?" என்றாள்.

முதல் நாளே வயிறு பிரச்சினை கொடுத்தது. தலைநகரில் நுழைந்த முதல் சாப்பாட்டுக் கடையின் கூரையிலிருந்து பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கின. நானா "அஸ்தஃபிருல்லா" என்று வாசலிலேயே திரும்பினார். அடுத்த கடையில் மரக்கறி மட்டும் போதும் என்று கைகால் ஆட்டி விளக்கினேன். அழகாக ஒரு கீரைச் சலாது வந்தது. அதன் உச்சியில் ஒரு பிடி சூரை மீன். மரக்கறி என்று பெயர் எழுதிய சாண்ட்விச் ஒன்றைக் காட்டினார்கள். அதைத் திறந்தேன். உள்ளேயும் சூரை, கூடவே அவித்த முட்டை. இந்த நாட்டில் சூரை ஒரு மரக்கறி என்று என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

பிழைக்கும் வழியைக் கண்டுபிடித்தது நானாதான். தெருமுனையில் ஒரு கண்ணாடி யன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். "தங்கச்சி, இஞ்ச பாருங்க. தக்காளி, சீஸ், மாவு. வேறொண்டும் இல்ல. எனக்கும் சரி, உங்களுக்கும் சரி."

அது இத்தாலியக் கடை. அன்றிலிருந்து ஊர் ஊராக, பஸ் நின்ற இடமெல்லாம், நாங்கள் ஸ்பெயினுக்குள் இத்தாலியைத் தேடினோம். நானாவுக்கு அது ஒரு பெரிய புதிராக இருந்தது. "ஒரு நாட்டுக்கு வந்து இன்னொரு நாட்டுச் சாப்பாட்டைத் தேடி அலையிறமே, இதை யாருட்டயும் சொல்ல ஏலுமா?" என்று கேட்பார். எனக்கு அது புதிராகத் தெரியவில்லை. எங்கள் ஊர்ச் சீனக் கடையில் நூடில்ஸ் கிண்டினவர் கிண்ணியா ஆள்தானே என்றேன். "ஓம், அவன் என்ர மச்சான்" என்றார்.

எனக்கோ எல்லாவற்றையும் துருவிப் பார்க்க வேண்டும். ஸ்பகெட்டியை இழையாகப் பிரித்துப் பார்த்தேன். இடியப்பத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் போல் இருந்தது, ஆனால் அவித்த இடியப்பம் கையில் உடையும், இது வழுக்கிக்கொண்டு ஓடியது. அதை முள்ளுக்கரண்டியில் சுற்றப் பழக இரண்டு ஊர் ஆனது. நானா தூண்டில் நூல் சுற்றுகிறவர், ஒரே நாளில் பழகிவிட்டார். அவர்கள் ரொட்டியை எங்களைப்போலவே பாண் என்று சொன்னபோதும், மேசைக்கு ஏறக்குறைய எங்கள் சொல்லையே சொன்னபோதும் எனக்கு வந்த சந்தோசத்தைப் பார்த்து, பரிமாறிய பையன் நான் வேறு எதற்கோ சிரிக்கிறேன் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டான். பகல் சாப்பாடு மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாட்டுக்குக் கடை திறக்கவே ஒன்பது ஆகும். ஊரடங்குக்குப் பயந்து ஏழு மணிக்கே தட்டுக் கழுவிப் பழகிய எங்களுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட நம்ப முடியாததாக இருந்தது.

பயிற்சி நடந்தது வடக்கே, கடல் குளிர்ந்து கறுத்துக் கிடந்த ஒரு சின்னத் துறைமுகத்தில். ஊர் முழுக்க நெத்தலி வாசம். அவர்களுடைய நெத்தலி எங்களுடையதைவிடப் பெரிது, விரல் நீளம் வரும். தலையைக் கிள்ளி, பீப்பாவுக்குள் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு என்று நிரப்பி, மேலே பாரம் வைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பிறகு பெண்கள் நீண்ட மேசைகளைச் சுற்றி இருந்து ஒவ்வொரு மீனாகத் தோலை உரசி, முள்ளை உருவி, இரண்டாகப் பிளந்து எண்ணெயில் அடுக்குவார்கள். நான் மணிக்கணக்காக நின்று பார்த்தேன். உப்பை அளந்தேன், ஈரத்தை அளந்தேன். பயிற்சி கொடுத்தவர் ஒரு துண்டை நீட்டியபோது மட்டும் கையை எடுத்தேன். மீனைச் சுவைக்காத மீன் அதிகாரியை அவர் அதுவரை கண்டிருக்க மாட்டார். எனக்குப் பதிலாக நானா வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். "முதல் உப்பு. பிறகு ஒரு இனிப்பு வருது. எழுதுங்க தங்கச்சி." என் பயிற்சி அறிக்கையில் சுவை பற்றிய பக்கம் முழுவதும் நானாவின் நாக்குத்தான்.

அந்த ஊரிலும் ஒரு இத்தாலியக் கடை இருந்தது. ஆறு மேசை. நடத்தியவள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். எங்களைப்போல் உடைந்த ஆங்கிலம் பேசியதால் மிக நன்றாக விளங்கியது. இந்த மீன் ஊரில் இத்தாலிக்காரிக்கு என்ன வேலை என்று இரண்டாம் நாளே கேட்டேன். அவள் சிரித்தாள். இந்த ஊருக்கு நெத்தலிக்கு உப்புப் போடக் கற்றுக்கொடுத்ததே தன் ஆட்கள்தான் என்றாள். அவளுடைய பாட்டனார் இத்தாலியின் தெற்குக் கரையிலிருந்து மீன் பருவத்துக்கு வந்து, பருவம் முடியப் போவதாக இருந்தவராம். உள்ளூர்ப் பெண்ணைக் கண்டார், போகவில்லை. நானா மேசையைத் தட்டினார். எங்கள் கரைக்கும் மேற்கே நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து பருவத்துக்கு வந்து கரையில் வாடி என்கிற ஓலைக் குடிசை போட்டு, இங்கேயே பெண் எடுத்து நின்றுவிட்டவர்கள் எத்தனையோ பேர். சண்டை தொடங்கிய பிறகு அந்த வாடிகள் வெறுமையாய்க் கிடந்தன. அதை அவளுக்குச் சொன்னோம். அவள் எங்கள் மேசையிலேயே வந்து இருந்துவிட்டாள்.

அவளிடம் மட்டும்தான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தூர தேசத்தில் வாய் தளர்ந்துவிடுகிறது போலும். இறைச்சி, மீன், முட்டை மூன்றும் ஏன் கூடாது என்பதை விளக்கத்தான் தொடங்கினேன், முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு வா, என் அம்மா சமைத்தது போல உனக்கு ஒன்று சமைக்கிறேன், அதில் இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை என்றாள்.

மறுநாள் எனக்கும் நானாவுக்கும் தட்டு வந்தது. தடித்த ஸ்பகெட்டி, அதில் கசப்புக் கீரை, உள்ளிப்பூண்டு, ஒலிவ் எண்ணெய், மேலே பொரித்த பாண்தூள். ஒரு சுற்றுச் சுற்றி வாயில் வைத்தேன்.

நெத்தலி.

கண்ணுக்கு ஒரு துண்டும் தெரியவில்லை. முழுக்க எண்ணெயில் கரைந்திருந்தது. ஆனால் எனக்கா தெரியாது? பத்து வருடமாக அதன் உப்பை அளக்கிறவள், பிறந்தது முதல் அதைத் தின்று வளர்ந்தவள். அந்தக் கடைக்காரிக்கு அது மீனே இல்லை, உப்பு. எங்கள் ஊரிலும் சம்பலில் மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டுவிட்டு மரக்கறிச் சாப்பாடு என்று வைக்கிற கடைகள் உண்டு. கேட்டால், வாசத்துக்குக் கொஞ்சம்தான் என்பார்கள். அவள் குசினி வாசலில் துவாயுடன் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சாப்பிட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அது பொய். முதல் வாய் அவளுக்காக இருக்கலாம். மிச்சத் தட்டு எனக்காக. ஏழு மாதத்துக்குப் பிறகு என் வாய்க்குள் எங்கள் வீட்டுக் குசினி வந்து நின்றது, அதைத் துப்ப எனக்கு மனம் வரவில்லை. நிமிராமல் சாப்பிட்டேன். கடைசியில் பாண் துண்டை எடுத்துத் தட்டைத் துடைத்தேன்.

வெளியே வந்ததும் நானா மெதுவாகக் கேட்டார், "தங்கச்சி, அதில மீன் கலந்திருந்திச்சு போல. நீங்க தெரியாமத்தானே சாப்பிட்டீங்க?"

"ஓம் நானா, தெரியாது."

"தெரியாமச் சாப்பிட்டா உங்கட சாமியும் ஒண்டும் சொல்லாது" என்று அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் பேசும் நாள். அப்போது எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. அம்மா சொன்ன நேரத்துக்குச் சந்தியிலுள்ள தொலைபேசிக் கடையில் வந்து காத்திருப்பாள். எடுத்ததும் சுகம் விசாரிக்காமலே சொன்னாள். "வழக்கைத் திரும்பவும் தள்ளிப்போட்டிட்டாங்கள் பிள்ளை. நாலு மாசத்துக்கு." பிறகு, "நீ அங்க ஒழுங்காச் சாப்பிடுறியோ?" என்று கேட்டாள்.

படித்தவள் நான், இரசாயனம் தெரிந்தவள். ஸ்பெயினில் ஒரு தட்டுக்கும் கொழும்பில் ஒரு வழக்குக்கும் தொடர்பில்லை என்று எனக்கு நூறு முறை சொல்லிக்கொண்டேன். நூற்றியோராவது முறை அந்தத் தட்டுத்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. மிச்ச நாட்களில் பாணும் தக்காளியும் மட்டும் சாப்பிட்டேன். ஊருக்கு வந்தும் நேர்த்தியைத் தொடர்ந்தேன், வெள்ளியில் ஒரு நேரச் சாப்பாட்டையும் சேர்த்து விட்டேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மா அயலவர்களிடம், அந்த நாட்டிலயும் என்ர பிள்ளை மச்சம் தொடயில்ல என்று பெருமைப்படும்போதெல்லாம் எழும்பிப் போய்விடுவேன்.

தம்பி அடுத்த வருடம் வந்தான். வழக்கு முடிந்து அல்ல, ஒரு நாள் போ என்று சொல்லி விட்டிருக்கிறார்கள். படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவன் கையில் ஒரு பொலித்தீன் பை. உடம்பு வற்றியிருந்தது. அதைவிட, பேச்சு வற்றியிருந்தது. எது கேட்டாலும் ஓம், இல்லை. சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழும்புவான். ரேடியோவைப் பிரித்துப் பூட்டுகிற, ஆயிரம் கேள்வி கேட்கிற பிள்ளை நான்கு நாளாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை கோயிலில் பூசை செய்து நேர்த்தியை முடித்தோம். மத்தியானம் அம்மா நெத்தலி பொரித்தாள். மூன்று பேரும் மேசையில் இருந்தோம். அம்மா ஒரு கரண்டி அள்ளி என் பக்கம் நீட்டினாள். "உன்ர விரதம்தான் இவனைக் கொண்டந்தது பிள்ளை. முதல் வாய் நீ எடு."

என்னால் தட்டை நீட்ட முடியவில்லை.

"அம்மா, நான் இடையில ஒருக்கா சாப்பிட்டனான். ஸ்பெயினில. நெத்தலி. தெரிஞ்சுகொண்டுதான் சாப்பிட்டனான்."

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. தம்பி தலையை நிமிர்த்தினான்.

"என்ன சாப்பாடு அது?" என்றான்.

வந்த பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி. நான் சொன்னேன். தடித்த இழை, கீரை, உள்ளி, எண்ணெய்.

"நெத்தலி எண்ணெயில கரையுமோ?"

"ஓம். மாசக்கணக்கா உப்பில கிடந்தது. சூட்டில கரைஞ்சிடும்."

"முள்ளு?"

"முதலே உருவிப்போடுவாங்கள்."

"முழுக்கச் சாப்பிட்டீங்களோ அக்கா?"

"ஓம். தட்டைப் பாணால துடைச்சும் சாப்பிட்டனான்." அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அதுக்குப் பிறகுதான் உன்ர வழக்கைத் தள்ளிப்போட்டவங்கள்."

"என்னோட இருந்த எல்லாற்ற வழக்கையும்தான் தள்ளிப்போட்டவங்கள். அவையின்ர அக்காமாரும் ஸ்பெயினுக்குப் போனவையோ?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பழைய சிரிப்பு அல்ல, இருமல் கலந்த ஒன்று. ஆனால் சிரிப்புத்தான். நான் அழுதேன். அம்மா கரண்டியைப் பிடித்தபடியே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியிலிருந்த நெத்தலியில் பாதியை என் தட்டிலும் பாதியை அவன் தட்டிலும் போட்டாள்.

"அது என்ன கீரை எண்டு கேட்டனியோ?" என்றாள்.