தங்கை பல்லில் தங்கம்

சூலூர் ராமாமணிக்கும் கோணல் பல்தான். மூத்தவளுக்கு வயது கடந்துவிட்டதென்று, பல்லை நேராக்கும் தங்கக் கம்பியைத் தங்கை ரங்கநாயகிக்கு மட்டும் கட்டினார் கோயமுத்தூர் பல் டாக்டர். ஊரே வந்து அவள் வாயைப் பார்த்தது. ராமாமணிக்கு வயிறு எரிந்தது.

புளிப்பும் இனிப்பும் எனாமலை அரித்துவிடும், தின்றதும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கூடப் போயிருந்த ராமாமணிதான் கவனித்துக் கேட்டிருந்தாள்.

"கம்பி மங்கிப்போச்சு அம்மணி. குத்துவிளக்குக்குப் போடற மாதிரி புளி போட்டுத் தேச்சுப் பாரு," என்றாள்.

தங்கை நம்பித் தினமும் தேய்த்தாள்.

கம்பியைக் கழற்றியபோது பல் வரிசையாக இருந்தது. முன்பல் இரண்டிலும் எனாமல்தான் போயிருந்தது. டாக்டர் இரண்டுக்கும் முழுத் தங்கத்தில் உறை போட்டு அனுப்பினார்.

"ஏனுங்கக்கா, இதுக்கும் புளி போடலாமுங்களா?" என்று வாய் மின்னக் கேட்டாள் ரங்கநாயகி.