ஆதிமூலத்தின் கற்பூரப் பெட்டி

அடி அண்ணாமலையில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் பார்க்கும் ஆதிமூலத்திடம் ஒரு ஒயர்லெஸ் செட் இருந்தது. பரீட்சை எழுதி, லைசென்ஸோடு வாங்கியது. தீபத்தன்று கிரிவலப் பாதையில் உட்கார்ந்து, கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளின் சட்டை நிறத்தை அதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

திருவண்ணாமலை எறும்புகளில் பாதிக்கு அவர் கடைதான் வீடு. அதனால் எதைப் பூட்டி மூடினாலும் உள்ளே கற்பூரம் போட்டுவிடுவார்.

"சாமிக்கு ஒண்ணு, எறும்புக்கு நாலா?" என்பாள் மனைவி காசியம்மாள்.

அந்தமானில் புயல். மகள் மணிமொழி நர்சாக இருந்த சின்னத் தீவில் நாலு நாளாக போன் இல்லை. தன்னார்வலர் ஒருவர் செட்டோடு படகில் அங்கே கிளம்பியிருந்தார். அவரோடு பேச, போர்ட் பிளேரில் இன்னொரு செட் வேண்டும். வரச்சொல்லி அந்தமான் நிர்வாகத்திடமிருந்து ஆதிமூலத்துக்கு மெயிலில் கடிதம் வந்தது.

சென்னை விமான நிலையத்தில், பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி, லைசென்ஸை மேலாக வைத்துத்தான் பையைக் கொடுத்தார். திறந்த அதிகாரி அருள்ராஜ் மூக்கைச் சுளித்தார்.

"என்ன சார், கோயிலையே மடிச்சு எடுத்துனு வந்துட்டீங்களா?"

"கற்பூரங்க. எறும்புக்கு."

"பேட்டரி, ஒயர், கூட கற்பூரம்! பத்திக்கிற பொருளு சார், உள்ள போவாது."

பையிலிருந்த கற்பூரத்தை எல்லாம் ஆதிமூலம் எடுத்துக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். விமானத்துக்கோ கடைசி அழைப்பு.

"செட்டுக்குள்ளயும் ரெண்டு போட்டிருக்கேங்க."

"தொறங்க," என்றார் அருள்ராஜ்.

ஸ்க்ரூடிரைவர் லக்கேஜில் போட்ட பெரிய பெட்டியோடு போய்விட்டது. காசை வைத்துத் திருகினார். நாலாவது திருகு நகரவில்லை. காசு வழுக்கி விரல் கிழிந்தது. அருள்ராஜ் செட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு அங்க இருக்குதுங்க," என்றார் ஆதிமூலம், திருகைப் பார்த்தபடியே.

திருகு கழன்றது. உள்ளே மிளகளவுக்குக் கரைந்து போயிருந்தன இரண்டு கட்டிகளும்.

"ஓடுங்க சார்!" என்றார் அருள்ராஜ், அவற்றை எடுத்துக்கொண்டு.

மறுநாள் காலை, போர்ட் பிளேரில், செட்டில் இரைச்சல். பிறகு தன்னார்வலரின் குரல், உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். பதினாறு பெயர்களைத் திருப்பிச் சொன்னார். பதினேழாவதில் பேனா நின்றது.

"கேட்டுதா? திருப்பிச் சொல்லுங்க."

"மணிமொழி," என்றார்.

அவருக்குப் பின்னால் சுவரோரமாக, வேறு பெயர்களுக்காக அறுபது பேர் மூச்சுவிடாமல் நின்றிருந்தார்கள். ஆதிமூலம் கண்ணைத் துடைக்கக்கூட நேரம் எடுக்கவில்லை.

"அடுத்த பேரு சொல்லுங்க."