வடிவாம்பாள் பிரித்த சிப்பிகள்

ஈரத்துணி சிப்பியின் மேலிருந்த சந்தனத்தைத் துடைத்தது. கூடவே மையில் எழுதியிருந்த எண்ணையும் துடைத்துவிட்டது. வடிவாம்பாள் அடுத்த சிப்பியை எடுத்தாள். அதிலும் எண் போயிற்று. தாம்பாளத்தில் மிச்சமிருந்தவற்றைப் புரட்டிப் பார்த்தாள். சந்தனம் ஊறி, மை ஏற்கெனவே கரைந்திருந்தது.

சரஸ்வதி பூஜைக்குக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பை வைத்துப் பொட்டிட்டிருந்தார்கள். விலங்கியல் நடத்தும் ராகேல் டீச்சருக்குப் புத்தகமே இந்த விசிறிச் சிப்பிகள்தான் என்று வடிவாம்பாளுக்குத் தோன்றியது. டீச்சரின் இரண்டு சிப்பிப் பெட்டிகளையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டிச் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். ஒன்றில் இருந்தவை மேற்குக் கடலின் விழிஞ்ஞத்துச் சிப்பிகள். மற்றதில் கிழக்குக் கடலின் தூத்துக்குடிச் சிப்பிகள். இனம் ஒன்றுதான். வளர வளர ஓட்டில் வரி விழும். கடலுக்குக் கடல் வளர்ச்சி மாறுகிறதா என்று அந்த வரிகளின் இடைவெளியை அளந்து பார்க்க இருந்தார் டீச்சர். சிப்பிகளைச் சேர்க்கவே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வடிவாம்பாளுக்குப் பூதப்பாண்டியில் கல்யாணம் நடந்தது. அவளுக்கு இருபத்து மூன்று வயதில் கணவர் போனார். பிறகு திருவனந்தபுரத்தில், கரமனையில், அண்ணன் வீட்டுப் பின்கட்டு. கண்ணாடிச் சாமான் கழுவும் இந்த வேலை கிடைத்தபின் தலைக்கு எண்ணெய்கூட அண்ணியிடம் கேட்டதில்லை. வேலை இன்னும் தற்காலிகம்தான்.

சிப்பிகளை ஜன்னலருகே கொண்டுபோனாள். தூத்துக்குடியில் வரிகள் விலகியிருக்கும் என்று டீச்சர் ஒருமுறை சொன்னது நினைவிருந்தது. விலகியவை ஒரு பெட்டிக்கு, நெருங்கியவை மறு பெட்டிக்கு. புதிய எண்களும் எழுதினாள்.

விடுமுறை முடிந்து கோட்டயத்திலிருந்து வந்த ராகேல் பெட்டிகளைத் திறந்தார்.

"வடிவம்மே, இங்க வா! பாத்தியா, ரெண்டும் எத்ர வித்யாசம்! நான் நினைச்சது சரியாணு. லீவுக்கு முன்னாடி இத்ர தெளிவா தெரியல்லியே."

வடிவாம்பாள் கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தாள்.

"லீவுக்கு முன்ன இவ்வளவு தெளிவா இல்லதான் டீச்சர்."

"எந்தா?"

சொன்னாள். தாம்பாளம், சந்தனம், ஈரத்துணி, ஜன்னல்.

ராகேல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "சிப்பிக்கு ஆராவது பொட்டு வைக்குமோ!"

"மைக்ராஸ்கோப்புக்கு வச்சாங்கல்லா. இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சுன்னு வச்சேன்."

ராகேல் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். "ரெண்டு வருஷம், வடிவம்மே. நீ சொல்லலெங்கில் நான் அளந்து எழுதியிருப்பேன். ஆரும் அறியமாட்டாங்க."

"கடல் இப்பிடிப் பிரிச்சிருந்தா எழுதலாம் டீச்சர். பிரிச்சது நான்லா."

ராகேல் இரண்டு பெட்டிகளையும் தன் பக்கம் இழுத்தார். பிறகு எல்லாச் சிப்பிகளையும் ஒன்றாகக் கொட்டினார்.

"பிரின்சிபாலிட்ட சொல்லணும். உன் வேலை…"

"சொல்லுங்க. நானும் வாறேன்."

வராந்தாவில் வடிவாம்பாள்தான் முன்னால் நடந்தாள்.

அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. நிரந்தரமாக்கும் பேச்சு ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று.

பிரின்சிபாலைப் பார்த்த மறுநாள் காலை, மறுபடி சிப்பி சேர்க்க, பஸ்ஸில் இருவரும் விழிஞ்ஞம் போனார்கள். கடல் கலங்கியிருந்தது. வலையில் வந்ததில் ஏழெட்டுச் சிப்பிகள்தான் தேறின. வடிவாம்பாள் கரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஊசியால் எண்ணைக் கீறினாள். மத்தியானம் மழை பெய்தது. பஸ் தாமதமாக வந்தது.