ஆஸ்டல் வடிகஞ்சி

செஞ்சியில் வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் தங்கின ஆஸ்டலில் நான் சமையலுக்கு இருந்தேன். அறுபதுகளில், மழை தப்பி அரிசிக்கு அலைந்த நேரம் அது.

என் தங்கச்சிக்கு சிங்கவரம் போகிற ரோட்டில் ஒரு குடிசை. புருஷன் கிணறு வெட்டப் போன இடத்தில் கல் சரிந்து செத்துவிட்டான். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற காலத்தில் கூலி கிடைக்கும். மற்ற நாளில் ஒன்றும் இல்லை.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் அவள் சட்டியோடு பின்கதவுக்கு வருவாள். வடிகஞ்சி ஊற்றுவேன். குண்டானில் அடி ஒட்டின சோற்றையும் சுரண்டிப் போடுவேன். இலையில் மிச்சம் வைத்ததை அவள் தொட்டதில்லை. யாராவது எதிரே வந்து சட்டியைப் பார்த்தால், "ஆட்டுக்கு" என்பாள். ஆடு ஏது? புருஷன் காரியத்துக்கே அதை விற்றாகிவிட்டது. தெருவுக்கே தெரியும்.

"இன்னாடி, நீ இளைச்சிகினே போற. ஆடு நல்லா கொழுத்திருக்குமே" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"கெடா மாதிரி இருக்குது. பொங்கலுக்கு வா, கறி போடறேன்" என்று சிரித்துக்கொண்டே போவாள் இவள்.

ஆஸ்டலுக்குப் புது வார்டன் வந்தார். நல்ல மனுஷன். எதையும் வீணாக்கக் கூடாது, அதுதான் அவர் பேச்சு. பின்னால் குழி வெட்டி எச்சில் இலை, காய்த்தோல், சாம்பல் எல்லாம் அதில் போடச் சொன்னார். எருவாகுமாம். ஒரு பக்கம் எழுதின காகிதத்தைச் சேர்த்து வைத்து, பிள்ளைகளே நோட்டு தைத்தார்கள். சோறும் தின்கிற அளவுக்கு மட்டும் கேட்டு வாங்கினார்கள். காலையில் தலை எண்ணி, அதுக்குத் தக்க அரிசி அளந்து போட்டேன்.

ஒருநாள் நான் கஞ்சி வடிக்கும்போது வார்டன் வந்து நின்றார். தங்கச்சியும் கதவண்டை நின்றாள்.

"சத்தெல்லாம் கஞ்சியில போயிடுதேம்மா. இனிமே வடிக்காத. தண்ணிய அளவா வச்சிப் பொங்கிடு" என்றார். அப்புறம் அவள் சட்டியைப் பார்த்தார். "நீ எதுக்கும்மா வாங்கிட்டுப் போற?"

"ஆட்டுக்குங்க ஐயா."

"மனுஷனுக்கே இல்லாத நாள்ல ஆட்டுக்கு அரிசிக் கஞ்சியா? மலைப்பக்கம் அவுத்து விடும்மா. தழை தின்னட்டும்."

"சரிங்க ஐயா." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அவர் போன பிறகு, "கொழந்தைக்குன்னு நான் சொல்றேன்டி. அவரே குடுப்பாரு" என்றேன்.

"சொன்னீன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்க்கா. எங்க வூட்டாளு போனப்பக்கூட யார்கிட்டயும் கை நீட்டல."

"இப்ப மட்டும் இன்னாவாம்?"

"இது நீ குடுக்கறது."

மறுநாளிலிருந்து கஞ்சி இல்லை. அளந்து போட்ட சோறு அளவாகத் தீர்ந்தது. குண்டானை அலசினால் நாலு பருக்கை. என் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் எடுத்துப் போகிற என் பங்குச் சோற்றில் பாதியை அவளுக்கு மூடி வைத்திருந்தேன். "உன் புள்ளைங்க இன்னா தின்னும்?" என்று கேட்டாள். காலிச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனாள். அப்புறம் அவள் வரவில்லை.

விறகு பொறுக்கி விற்றாள். கீரை பறித்து வேகவைத்தாள். நான் எப்போது போனாலும் "சாப்ட்டோம்" என்பாள். அடுப்பு ஆறிக் கிடக்கும்.

பெரிய அதிகாரி ஒருத்தர் வந்து ஆஸ்டலைச் சுற்றிப் பார்த்தார். குப்பை இல்லை, ஈ இல்லை, அரிசியும் மிச்சமாகுது என்று மெச்சினார். வார்டன் என்னையும் கூப்பிட்டு, "இந்தம்மாவாலதான்" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அதே வாரம் குழந்தைக்குப் பேதி கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடம்பில் தெம்பே இல்லையே என்றார்கள். தங்கவில்லை.

தங்கச்சி குழந்தை தவறிப்போச்சு என்று லீவு கேட்கப் போனேன். வார்டன் எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, என்ன ஒடம்புக்கு?"

"பேதிங்க ஐயா" என்றேன்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். அந்தப் பஞ்சத்திலும் கொண்டுவந்தார்கள். ஒருத்தி களி, ஒருத்தி ஒரு கை சோறு. ஆட்டைச் சொல்லிக் கிண்டல் பண்ணினவள் ரசம் வைத்து எடுத்துவந்தாள்.

தங்கச்சி தட்டை வாங்கினாள். எல்லார் எதிரிலும் உட்கார்ந்து தின்றாள். இன்னும் போடவா என்று கேட்டார்கள். போடு என்றாள். தட்டு துடைத்த மாதிரி ஆகிறவரைக்கும் தின்றாள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.