காஜா எடுக்காத சட்டைகள்

ஜாவா என்றால் ஜரினாவுக்குச் சர்க்கரை. அவ்வளவுதான். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பூந்தமல்லிக் கடைகளில் ஜாவா சர்க்கரை என்று வெள்ளைவெளேரென்று ஒன்று விற்றார்கள். பெருநாளைக்குப் பாயசம் வைக்க அத்தா ஒரு பொட்டலம் வாங்கி வருவார். அந்தச் சர்க்கரைச் சீமை ஒருநாள் தன் கழுத்தில் தாலியாகக் கட்டிய கருகமணியை அறுக்கும் என்று அவள் கனவிலாவது நினைத்திருப்பாளா? யார்தான் நினைப்பார்கள்?

அப்துல் ஜப்பாரைக் கட்டிக்கொண்டு அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது அங்கே மாமியார் மைமூன் பீவியும், ஜப்பாரின் அண்ணன் ஷவுகத் அலியும் இருந்தார்கள். ஷவுகத் அலி மனைவியைப் பறிகொடுத்தவர், தையல் கடைக்காரர், நல்ல மனுஷர். சண்டைக் காலத்தில் ஆவடி மிலிட்டரிக்குக் காக்கிச் சட்டை தைத்துக் கொடுக்கும் காண்டிராக்ட் அவருக்குக் கிடைத்தது. கடையில் சட்டை தைத்து வீட்டுக்கு வரும், ஜரினா காஜா எடுப்பாள். பொத்தான் நுழையத் துணியைக் கீறி, பிரியாமல் சுற்றி நூல் கட்டும் வேலை அது. கண்ணைப் பிடுங்குகிற வேலை. ஜப்பாரோ தையலில் உட்காரப் பொறுமை இல்லாமல் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டான்.

ஜப்பான்காரன் கையைத் தூக்கிவிட்டான், சண்டை முடிந்தது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிள்ளை வந்துவிடுவான் என்று மைமூன் பீவி வாசலுக்கும் உள்ளுக்கும் நடையாய் நடந்தாள். பெருநாள் வந்தது, பிள்ளை வரவில்லை. தந்திதான் வந்தது. ஜாவாவில் லாரியோடு எரிந்து இறந்தான் என்று. அடப் பாவிகளா! முடிந்துபோன சண்டையில் ஒருத்தன் எப்படிச் சாவான்? கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. பெண்டுகள் வந்து ஜரினாவின் கருகமணியை அறுத்தார்கள், வெள்ளை உடுத்திவிட்டார்கள், உள்ளறையில் திரை கட்டி, கைம்பெண் காக்க வேண்டிய இத்தாவில் உட்கார வைத்தார்கள். நான்கு மாதம் பத்து நாள். அந்நிய ஆண் யாரும் பார்க்கக் கூடாது, மைத்துனர் ஷவுகத் உட்பட. உதிர்ந்த கருகமணிகளை மட்டும் அவள் பொறுக்கித் தலையணைக்குள் வைத்துக்கொண்டாள்.

சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அவளே கேட்டுச் சட்டை மூட்டையைத் திரைக்குள் வாங்கிக்கொண்டாள்.

மாசிப் பனி விலகுகிற நேரம். ஒருநாள் மத்தியானம், ஷவுகத் கடையில் இருந்தபோது, வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். பட்டாபிராம் பரந்தாமன். ஜப்பாரோடு ஒரே பட்டாளக் கம்பெனியில் லாரி ஓட்டியவன். துக்கம் கேட்க வந்திருக்கிறான் என்று மைமூன் பீவி அவனைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்து, அழ ஆரம்பித்தாள்.

"அயுவாதீங்கம்மா," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "ஜப்பாரு சாவல. உசுரோட கீறான்."

திரைக்குள் கத்தரிக்கோல் விழுந்த சத்தம் கேட்டது.

"ஊட்டுக்கு அனுப்புவான்னு பார்த்தா எங்கள ஜாவாவுல கொண்டும்போய் எறக்கிட்டாம்மா வெள்ளக்காரன். அங்க சனங்க, இது எங்க நாடு, முன்ன எங்கள ஆண்ட டச்சுக்காரன் இனிமே வரக்கூடாதுன்னு சொந்தமா கொடி ஏத்திட்டாங்க. அவங்கள அடக்கணுமாம். யாரு அடக்கறது? நாங்க! சொவத்துக்குச் சொவரு எங்களுக்குன்னே எய்தி வெச்சிருந்தாங்க. நீங்களும் எங்கள மாரி அடிமைதானே, எங்கள ஏன் சுடறீங்கன்னு. அதுக்கு இன்னா அர்த்தம்னு கேட்டுத் தெரிஞ்சிகினதுலருந்து ஜப்பாரு சரியா சோறு துன்னல. ஒரு வெள்ளிக்கெயம ஊருக்குள்ள பாங்கு சொல்றாங்க, தொரை அந்தப் பக்கமே பீரங்கியத் திருப்பறான். ஜப்பாரு என் கையப் புடிச்சிகினான். 'மாமே, கைலி கட்டிகினு தொழப் போறாங்க பாரு, நம்ம பூந்தமல்லி சனம் மாரியே கீதுடா. இவங்களச் சுட்டுட்டு எங்கம்மா மூஞ்சில எப்டி முழிப்பேன்'னான். மறுநாள் லாரிக்கு அவனே நெருப்பு வெச்சிட்டு அந்த சனங்க பக்கம் பூட்டான். உள்ளயே எரிஞ்சிட்டான்னு ஆபீசர் எய்திட்டான். நான் பார்த்தேன், வாயத் தொறக்கல. 'ஜரினாவ இத்தாவுல உக்கார வெக்காதீங்கன்னு எங்கம்மாகிட்ட சொல்லு'ன்னுதான் போனான். எனக்குக் கப்பல் கெடைக்கவே இத்தினி நாளாயிடுச்சி."

மைமூன் பீவி சிரித்தாள், அழுதாள், பரந்தாமன் தலையைத் தடவினாள். பிறகு திடீரென்று முகம் வெளிறிப்போய்க் கேட்டாள்: "ஊருக்கு எப்ப வருவான் நைனா?"

பரந்தாமன் தலையைக் குனிந்துகொண்டான். "வெள்ளக்காரன் கீறமுட்டும் வரக்கூடாதும்மா. புடிச்சா சுட்டுடுவான். ஆனா பம்பாய்ல கப்பல் பட்டாளத்துப் பசங்க வேலைய நிறுத்திட்டாங்களாம், ஜாவாலருந்து நம்ம பட்டாளத்தத் திருப்பிக் கூப்புடுன்னு கேக்கறாங்களாம். அங்க புடிச்ச நெருப்பு இங்கயும் வந்துகினுதாம்மா கீது."

அவன் போனதும் மைமூன் பீவி திரைக்குள் வந்து மருமகளின் வாயைப் பொத்தினாள். "யாருக்கும் மூச்சு உடாத. செத்தவனாவே இருக்கட்டும் எம் புள்ள. அப்பத்தான் யாரும் தேட மாட்டான். நீ இத்தாவ முடி."

இது என்ன கொடுமை! புருஷன் உயிரோடிருக்க, கைம்பெண்ணாக உட்கார வேண்டும். உட்கார்ந்தாள். கையில் காக்கிச் சட்டை இருந்தது. துணியைக் கீறப் போனவளுக்குச் சுரீரென்றது. இந்தச் சட்டை எங்கே போகும்? ஆவடிக்கு. அங்கிருந்து? கப்பலேறி ஜாவாவுக்கு. இதைப் போட்டுக்கொண்டு போகிறவன் யாரைச் சுடுவான்? இத்தனை நாளும் தன் புருஷனைச் சுடப் போகிறவனுக்கு அல்லவா அவள் காஜா எடுத்திருக்கிறாள்! அதோடு சரி, அவள் ஊசியைத் தொடவில்லை. மூட்டைகள் உள்ளே வந்தன, வெளியே போகவில்லை. ஆவடிக்காரன் கேட்டபோதெல்லாம் ஷவுகத், தம்பி பெண்சாதி இத்தாவில் இருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். திரையைத் தாண்டி வந்து பார்க்க அவருக்கு உரிமை இல்லை. மாமியார் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள்.

இத்தா முடிந்த நாளில் சொந்தக்காரப் பெண்டுகள் வந்து அவளைக் குளிப்பாட்டினார்கள், புதுச் சேலை கொடுத்தார்கள். மாமியாரின் அக்காள், "வயசுப் புள்ள எத்தினி நாளைக்குத் தனியா கீறது? ஷவுகத்தும் தனியாத்தான் கீறான். ரெண்டு பேருக்கும் நிக்காஹ் பண்ணி வெச்சிடலாம்," என்றாள். கதவோரம் நின்ற ஷவுகத் தரையைப் பார்த்தபடி, "அவ சரின்னா எனக்கும் சரி," என்றார்.

ஜரினா மாமியாரைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறப்பாள் என்று பார்த்தாள். மைமூன் பீவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெற்ற வயிறு. பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதற்காக எந்தப் பாவத்துக்கும் துணிந்துவிட்ட வயிறு.

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கழுத்தில் கருகமணி இருந்தது. அறுந்த மணிகளைக் காக்கி நூலில் கோத்திருந்தாள்.

"ஐயையோ, இன்னாடி இது!" என்று பெண்டுகள் அலறினார்கள்.

"அவரு மவுத்தாகல," என்றாள் ஜரினா. "ஜாவாவுல கீறாரு. அந்த சனங்களோட சேந்துகினு டச்சுக்காரன எதுக்கறாரு. யாரு சொன்னதுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்."

ஷவுகத் ஆடிப்போய்விட்டார். "அம்மா, உனக்குத் தெரியுமா?" என்றார். மைமூன் பீவி முகத்திலிருந்து கையை எடுக்காமலே தலையாட்டினாள். தம்பி உயிரோடிருக்க அவன் மனைவியைக் கட்ட இருந்தோமே என்று அந்த மனுஷர் தலையில் அடித்துக்கொண்டார். "அல்லாவே, எவ்ளோ பெரிய பாவத்துல என்னத் தள்ளப் பாத்தீங்க!"

வாசலில் ஆவடி லாரி வந்து ஹாரன் அடித்தது. ஷவுகத் பழக்கதோஷத்தில் விறுவிறுவென்று உள்ளறைக்குப் போய்த் திரையை விலக்கினார். கூரை எட்டக் காக்கிச் சட்டைகள். ஒன்றை எடுத்து விரித்தார், இன்னொன்றை விரித்தார். பொத்தான் இருந்தது, காஜா இல்லை.

"இன்னா ஜரினா இது? மிலிட்டரிக்காரன் என்னப் புடிச்சி உள்ள போட்டுடுவானே!"

"இத்தப் போட்டுகினு போறவன் உங்க தம்பியத்தான் சுடுவான் மச்சான். என் கையால எடுக்க மாட்டேன். வெள்ளக்காரன் போனாத்தான் அவரு வருவாரு."

லாரி மறுபடி ஹாரன் அடித்தது. ஷவுகத் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போனார். அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது: "சட்ட இல்லப்பா. எங்க ஊட்ல இனிமே தைக்கறதில்ல. போய்ச் சொல்லு."

ஆவடிக்காரர்கள் சும்மா விடுவார்களா? காண்டிராக்ட் போயிற்று. போலீஸ் வந்து ஷவுகத்தை அழைத்துப்போய் விசாரித்து, கன்னம் வீங்க அனுப்பியது. பரந்தாமன் பெயர் ஜரினாவின் வாயிலிருந்து வரவே இல்லை. ஷவுகத் ரவிக்கை தைத்துப் பிழைத்தார், அவள் அதற்குக் கொக்கி வைத்தாள்.

அதன் பிறகு ஆவடியிலிருந்து யார் கடைக்கு வந்தாலும், ஜரினா அரிசி விலை கேட்டதில்லை, மழை உண்டா என்று கேட்டதில்லை. கருகமணியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்:

"தொரைங்க மூட்ட கட்டிட்டாங்களா?"